ஸ்காட்ச் என்றால் பாண்டி

ஜூலை 3, புதன்

யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் போர்வைக்குள் கார் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேட்டரி தீர்ந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். சுருக்கமாக எழுத வேண்டும்.

அப்பா டிரைவர். எங்கள் பள்ளி கரஸ்பாண்டென்ட் ஐயாவின் அம்பாசிடரை ஓட்டுகிறார். பங்களாவுக்குப் பின்னால், கார் ஷெட்டை ஒட்டின அறைதான் எங்கள் வீடு. ஐயாவின் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன், ஃபீஸ் கிடையாது. ஐயாவுக்குக் கோபம் வந்தால் வேலை, வீடு, படிப்பு எல்லாம் ஒன்றாகப் போகும். இன்று ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வரவைத்தது நான்.

பள்ளிக்கூட இடத்தை முந்திரி கம்பெனிக்கு விற்கப்போகிறார்கள் என்று பண்ருட்டி முழுக்கப் பேச்சு. அதெல்லாம் பொய் என்று ஐயா ஒரு நிருபரிடம் சொன்னார். அது இன்றைய இங்கிலீஷ் பேப்பரில் ஒரு மூலையில் வந்திருந்தது. ஐயாவின் பெயர் இங்கிலீஷ் பேப்பரில் வந்தது இதுதான் முதல் தடவை. காலை பிரேயரில் அதைப் படிக்கச் சொல்லி உத்தரவு. புதன்கிழமைகளில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இங்கிலீஷ் தலைப்பு ஒன்றைப் படித்துத் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும். இன்று என் முறை.

இங்கிலீஷ் ரோசலின் மிஸ் பல் பிடுங்கிக்கொண்டு லீவு. பி.டி. சார் பேப்பரைக் கையில் திணித்து, "தலைப்பு மட்டும் போதும், சீக்கிரம்" என்றார்.

தலைப்பு இதுதான்: ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் ஸ்காட்ச்சஸ் சேல் ரூமர்.

ஐந்து வார்த்தை. ஸ்கூல் என்றால் பள்ளி. கரஸ்பாண்டென்ட் என்றால் தாளாளர். சேல் என்றால் விற்பனை. ரூமர் என்றால் வதந்தி. ஸ்காட்ச் மட்டும் தெரியவில்லை. நூலகத்துக்கு ஓடி அகராதியைப் பார்த்தேன். ஸ்காட்லாந்தில் வடிக்கப்படும் ஒருவகை மது என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பக்கம் கிழிந்து, பழுப்பேறிய டேப் ஒட்டியிருந்தது. பிரேயர் மணி அடித்துவிட்டது.

மைக்கில் போய்ச் சொன்னேன்: "நமது பள்ளித் தாளாளர் ஐயா அவர்கள் ஸ்காட்ச் எனும் வெளிநாட்டு மதுவை விற்பதாக வதந்தி."

ஐயாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால், "இதை யாரும் நம்ப வேண்டாம்" என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கர்ச்சீப் எடுத்தார்கள். பி.டி. சார் என்ன செய்வதென்று தெரியாமல் விசில் ஊதினார். விசில் கேட்டதும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே மார்க் டைம் போட ஆரம்பித்தார்கள், நிறுத்தச் சொல்ல ஆளில்லை. ஐயா வாயில் எப்போதும் ஒரு பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் இருக்கும், தொண்டைக்காக. அது அப்படியே ஒரு கன்னத்தில் நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியில் பெரிய மேடம். ஐயாவின் மனைவி, எங்கள் பிரின்சிபால். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி ஐயாவின் கன்னத்தைப் பார்த்தார்.

டார்ச் மங்குகிறது.

ஜூலை 4, வியாழன்

ஐயா அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். கூட்டிவைத்த இடம் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே பயந்துவிட்டேன்.

இரண்டாம் சனிக்கிழமைதோறும் அப்பா ஐயாவைப் பாண்டிச்சேரிக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போவார். வரும்போது டிக்கியில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய பெட்டி இருக்கும். ரயில்வே கேட் மேட்டில் வண்டி ஏறினால் அது சத்தம் போடும். கண் மருந்து கண்ணாடி பாட்டிலில்தான் வரும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஐயா அதை ராத்திரியில் சோடாவோடு எடுத்துக்கொள்வார். காலி சோடா பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுப்பது என் வேலை. கண் மருந்துக்கு சோடா எதற்கு என்று நான் கேட்டதில்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது. இதை எழுதி வைக்கிறேன்.

ஐயா அப்பாவிடம், "உன் பொண்ணு வாயில அந்தப் பேரு எப்படிரா வந்துது?" என்று கேட்டாராம். அப்பா, அகராதியிலிருந்து வந்தது என்றாராம். "அகராதி புடிச்ச பொண்ணுன்னு இப்பதான் தெரியுது" என்று சொல்லி, திங்கட்கிழமைக்கு மேல் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

"ஊர்ல பொண்ணுங்கல்லாம் இங்கிலீஷ் படிச்சு டாக்டராவுது," என்றாள் அம்மா. "என் பொண்ணு அஞ்சு வார்த்த படிச்சு வீட்டக் காலி பண்ணுது."

ஜூலை 5, வெள்ளி

பெரிய மேடம் தன் அறைக்கு வரச் சொன்னார்.

அந்த வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். அகராதி, மேடம் என்றேன். அப்பா வீட்டில் ஏதாவது பேசுவாரா என்று கேட்டார். அப்பா வீட்டில் டயர் பற்றி மட்டும்தான் பேசுவார், மேடம் என்றேன். அது உண்மை.

மேடம் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "சரி. ஸ்காட்ச்ங்கற சொல்ல இதுக்கு முன்னாடி எங்கயாவது கேட்டிருக்கியா? யோசிச்சு சொல்லு."

நன்றாகப் பதில் சொன்னால் அப்பாவின் வேலை தப்பிக்கும் என்று தோன்றியது. மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில், தரையில் கட்டம் போட்டு நொண்டி அடிக்கும் பெண்ணின் படத்துக்குக் கீழே ஹாப்ஸ்காட்ச் என்று போட்டிருந்தது நினைவு வந்தது. நாங்கள் கொல்லையில் ஆடும் அதே பாண்டி ஆட்டம். மிட்டாயும் நினைவு வந்தது.

"ரெண்டு தெரியும் மேடம்," என்றேன். "ஒண்ணு பாண்டி. இன்னொண்ணு ஐயா பாக்கெட்ல இருக்கிறது."

மேடத்தின் பேனா நின்றது. "எது பாண்டி?"

"ஸ்காட்ச்சுன்னா பாண்டி, மேடம். புக்லயே போட்டிருக்குது."

"பாக்கெட்ல?"

"அது வாசனையா இருக்கும் மேடம். ஐயா வாயில போட்டுக்குவாரு. மத்த வாசனை ஒண்ணும் வராது."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஸ்காட்ச்சுன்னா பாண்டி," என்று அவரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் போகச் சொன்னார். திட்டவில்லை. பதில் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நொண்டி ஆட்டம் என்று சொல்ல மறந்துவிட்டேன் என்பது வகுப்புக்குப் போன பிறகுதான் நினைவு வந்தது.

ஜூலை 6, சனி

பங்களாவில் சத்தம். பிறகு சத்தமே இல்லை. இது இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டினாள். மதியம் குழம்பு தாளிக்க வாணலி வேண்டும் என்று மூட்டையை அவிழ்த்தாள். கழுவிக் கட்டினாள். ராத்திரி அப்பளம் பொரிக்க மறுபடியும் அவிழ்த்தாள். அப்பா, அப்பளம் இல்லாமலேயே சாப்பிட்டிருக்கலாமே என்றார். "வேலதான் போச்சு, நாக்குமா போச்சு?" என்றாள் அம்மா.

வாணலியை நான் தேய்த்தேன். அடியில் கரி போகவில்லை.

புது ஊரில் எட்டாம் வகுப்பில் நடுவில் சேர்த்துக்கொள்வார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "சேத்துக்குவாங்க பாப்பா" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூலை 8, திங்கள்

ரோசலின் மிஸ் வந்துவிட்டார். கன்னம் வீங்கியிருந்தது. நடந்ததைக் கேட்டு அவரால் சிரிக்க முடியவில்லை, வலி. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது.

என்னை நூலகத்துக்கு அழைத்துப் போய் அகராதியைத் திறந்து, பழுப்பு டேப்பை நகத்தால் மெல்ல உரித்தார். கீழே இன்னொரு அர்த்தம் இருந்தது. வினைச்சொல்: பொய்யென்று காட்டி முடிவுகட்டு, நிறுத்து. தாளாளர், விற்பனை வதந்திக்கு முடிவுகட்டினார். தலைப்புக்கு அவ்வளவுதான் அர்த்தம். அழுதுவிட்டேன்.

"அழுவாத. உன்மேல தப்பில்ல, டேப்மேலதான் தப்பு," என்றார் மிஸ். "வெளிநாட்ல சில ஊர்ல இந்த டேப்புக்கும் ஸ்காட்ச்னுதான் பேரு."

ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம் எதற்கு என்று கேட்டேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் சம்பந்தப்பட்டதற்கெல்லாம் முன்பு அப்படித்தான் சொல்வார்களாம். இப்போது அந்த ஊர் ஆட்களை ஸ்காட்ச் என்று சொன்னால் பிடிக்காதாம். ஆளைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சரக்கைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். எங்கள் ஊரில் நேர்மாறு. ஆனால் நான் அதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

மிஸ் நேராக ஐயாவிடம் போய், புதன்கிழமை பிரேயரில் இந்தப் பெண்ணே சரியான அர்த்தத்தைச் சொல்லட்டும், ஊர் வாயும் அடங்கும் என்று பேசியிருக்கிறார். ஐயா ஒப்புக்கொண்டார். சாயங்காலம் சாவி கொடுக்கப் போன அப்பாவிடம், "புதங்கெழம உன் பொண்ணு ஒழுங்கா சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம். வார்த்த பெசகிச்சு, அன்னைக்கே கெளம்பு" என்றாராம்.

அப்பா சாவியோடு திரும்பி வந்தார். அம்மா மூட்டையை அவிழ்க்கவில்லை. வாணலியை மட்டும் வெளியே எடுத்துவைத்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

மிஸ் எழுதிக்கொடுத்தது: "ஸ்காட்ச் எனும் சொல்லுக்கு நிறுத்துவது என்று பொருள். நமது தாளாளர் ஐயா வதந்தியை நிறுத்திவிட்டார்."

காலையில் குளிக்கும்போது பதினைந்து தடவையாவது சொல்லிப் பார்த்தேன். மோட்டார் ரூம் பக்கம் நின்று சொன்னேன். சோடா கடைக்குப் போகும் வழியில் சொன்னேன். இந்த வாரம் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. கடைக்காரர், "ஐயாவுக்குக் கண்ணு சரியாயிடுச்சா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நாலு மணிக்குப் பெரிய மேடம் கூப்பிட்டு, நாளைக்குப் படிப்பதைக் காட்டு என்றார். காட்டினேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரே ஒரு வார்த்தையை அடித்தார்.

"நீளமா இருக்குது," என்றார். "சின்னதா சொன்னா புள்ளைங்களுக்குப் புரியும்."

அடித்த வார்த்தை: வதந்தியை.

வெளியே வந்து படித்துப் பார்த்தேன்.

மிஸ் எழுதியதைச் சொன்னால் மேடத்துக்குக் கோபம் வரும். மேடம் திருத்தியதைச் சொன்னால் ஐயாவுக்குக் கோபம் வரும். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் அந்த வார்த்தையை ஏன் அடித்தார் என்று அவர்கள் கேட்பார்கள். எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

சாப்பிடும்போது அப்பாவிடம் சும்மா கேட்கிற மாதிரி, ஐயா பெரியவரா மேடம் பெரியவரா என்றேன். அப்பா, "எனக்கு மொதலாளி ஐயா" என்றார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "ஐயாவுக்கு மொதலாளி யாருன்னு கேக்குது புள்ள" என்றாள். அப்பா ரசத்தைக் குடித்தார்.

ஜூலை 10, புதன்

முடிந்துவிட்டது.

ஐயா புது வேட்டியில் வந்திருந்தார். அந்த நிருபரையும் வரவழைத்து முன் வரிசையில் உட்காரவைத்திருந்தார். காம்பவுண்டுக்கு வெளியே அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே கதவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எனக்கு மேடையிலிருந்து தெரிந்தது.

மைக் என்னைவிட உயரம். பி.டி. சார் இறக்கிவிட்டார், அது கீ என்று கத்தியது.

"ஸ்காட்ச் எனும் சொல்லுக்கு நிறுத்துவது என்று பொருள்," என்றேன்.

ஐயா தலையை ஆட்டினார். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தார் போல.

"நமது தாளாளர் ஐயா," என்றேன். மேடம் கையை மடியில் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்திவிட்டார்."

எனக்கு அந்த ஒரு வார்த்தை மறந்துபோய்விட்டது. பயத்தில் மறந்துபோய்விட்டது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. பெரிய மேடம். அவர் எழுந்து நின்று தட்டினார். பிரின்சிபால் தட்டினால் ஆசிரியர்கள் தட்ட வேண்டும். ஆசிரியர்கள் தட்டினால் பிள்ளைகள் தட்ட வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்கத் தட்டியது. நிருபரும் தட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மேடம் மைக்குக்கு வந்தார். "எல்லாரும் கேட்டீங்க இல்ல? ஐயா நிறுத்திட்டாரு. ஐயா ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான். ட்ராயிங் சார், இத நோட்டீஸ் போர்டுல பெரிய எழுத்துல எழுதிப் போடுங்க."

ஐயா எழுந்து கும்பிட்டார். வேறு என்ன செய்வார். மிட்டாயை விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன், இருமினார்.

ஜூலை 11, வியாழன்

காலையில் அப்பா தானாகவே சாவியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். கேட்டு வாங்குகிற அவமானம் வேண்டாம் என்றார். அம்மா கடைசியாக வாணலியையும் மூட்டைக்குள் வைத்துக் கட்டிவிட்டாள். நான் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூலுக்குப் போகிறதா, ஊரை விட்டுப் போகிறதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அதே பைதான்.

அப்பா வந்து சொன்னது இது. ஐயா சாவிக்குக் கை நீட்டினாராம். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மேடம் தலையைத் தூக்காமலே கேட்டிருக்கிறார், "வண்டி யாரு பேர்ல இருக்குது?"

ஐயா நீட்டின கையை மடக்கிக்கொண்டார். வண்டி மேடத்தின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது.

"தணிகாசலம், நீ எங்கயும் போவாத. சனிக்கெழம ஐயாவ கண் டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவணும் இல்ல? நானும் வரேன்."

அம்மா மூட்டையை அவிழ்த்தாள். நான் ஸ்கூலுக்கு லேட். முட்டி போடவைத்தார்கள். சந்தோஷமாகப் போட்டேன்.

ஜூலை 13, சனி

அப்பா பாண்டியிலிருந்து வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

ஊருக்குள் நுழைந்ததும் மேடம், டாக்டர் வீடு எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார். ஐயா, தணிகாசலத்துக்குத் தெரியும் என்றார். அப்பா, ஐயாதான் வழி சொல்லுவார் என்றார். ஐயா இடது பக்கம் கை காட்டினார். அப்பா திருப்பினார். கடற்கரை வந்தது. மறுபடி கை காட்டினார். மறுபடி கடற்கரை. மூன்றாவது தடவை கடற்கரை வந்தபோது மேடம், "டாக்டர் கப்பல்ல இருக்காரா?" என்று கேட்டாராம்.

வழக்கமாக நிறுத்தும் கடையைத் தாண்டும்போது, வாசலில் நின்ற பையன் காரைப் பார்த்து ஓடி வந்து சலாம் போட்டானாம். நல்ல மரியாதைக்காரக் கம்பவுண்டர் என்று மேடம் சொன்னாராம்.

கடைசியில் மேடமே ஒரு பூக்காரியிடம் கேட்டு நிஜமான கண் டாக்டரைக் கண்டுபிடித்தார். சும்மா உட்கார்ந்து எழுந்து வரலாம் என்று ஐயா போயிருக்கிறார். பலகையில் மேலிருந்து இரண்டாவது வரியே அவருக்குத் தெரியவில்லையாம். இத்தனை வருஷமாக யாரிடம் காட்டினீர்கள் என்று டாக்டர் கேட்டாராம்.

அப்பா சிரித்தார். பத்து நாளாகச் சிரிக்காத முகம், கொஞ்சம் கோணலாக வந்தது.

ஜூலை 19, வெள்ளி

ஐயாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. தடிமனான கண்ணாடி. மதியம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேசைமேல் அந்தப் பேப்பர் செய்தியை ஃப்ரேம் போட்டு வைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தாராம். "என் பேரையே தப்பா போட்டிருக்கான்," என்றார். என்னிடம் சொன்னாரா, ஃப்ரேமிடம் சொன்னாரா தெரியவில்லை. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு ஜிப்பா பாக்கெட்டில் கை விட்டு, இருந்த பட்டர்ஸ்காட்ச் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். "எடுத்துக்க. இனிமே எனக்கு எதுக்கு."

நான் எடுக்கவில்லை. பயமாக இருந்தது.

"நான் இத எதுக்குப் போட்டுக்கினு இருந்தேன், தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது ஐயா."

"கண் மருந்துன்னு உங்கப்பன் கொண்டாந்தது?"

"தெரியாது ஐயா."

கண்ணாடிக்கு மேலே இருந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "பொழைச்சுக்குவ," என்றார். "எடுத்துக்கினு போ, கிளாசுக்கு."

இரண்டு கையும் கொள்ளாமல் மிட்டாய் கொண்டுவந்தேன். வீட்டில் கொடுத்தேன். அம்மா சம்புடத்தில் போட்டு மேல் அலமாரியில் வைத்தாள்.

ஜூலை 20, சனி

பங்களா அலமாரியில் மிச்சமிருந்த கண் மருந்தை எங்காவது கொண்டுபோய்க் கொட்டிவிடச் சொல்லி மேடம் அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். கெடிலம் ஆற்றுப் பக்கம் போய்க் கொட்டிவிட்டு வருவதாக அப்பா சைக்கிளில் போனார். ஆறு பக்கத்தில்தான் இருக்கிறது. அப்பா வருவதற்கு இருட்டிவிட்டது.

வந்தவர் யாரிடமும் பேசாமல் நேராக மேல் அலமாரிக்குப் போனார். சம்புடம் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா ஒரு கன்னம் உப்ப உட்கார்ந்து, சம்பந்தமே இல்லாமல் டயர் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அம்மா கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினாள். இன்னொரு தடவை உறிஞ்சினாள். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, "மங்க, இங்க வா" என்றாள்.

போனேன்.

"அன்னைக்கு மேடையில என்னமோ அர்த்தம் சொன்னியே, அத இன்னொரு வாட்டி சொல்லு. உங்கப்பன் காதுல விழற மாதிரி."

அப்பா என்னைப் பார்த்தார். பாப்பா, ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே என்கிற மாதிரி பார்த்தார். அம்மா கையில் வாணலி இருந்தது.

பிரேயரில் நிற்பது போல நேராக நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"ஸ்காட்ச் எனும் சொல்லுக்கு நிறுத்துவது என்று பொருள். எனது அப்பா நிறுத்திவிட்டார்."

அம்மா வாணலியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள்.